நம்ம கடல் நீச்சல் சங்கம், செயலாளரோட ஆண்டறிக்கை: யார் தொடலாம், எப்ப தொடலாம்

தலைவர் அண்ணன், கமிட்டி ஆளுங்க, உறுப்பினருங்க, டீ வந்தப்புறம் உள்ள வரலாம்னு வெளிய நிக்கிறவங்க, எல்லாருக்கும் வணக்கம். போன வருசம் அறிக்கை ஒரே பக்கத்துல முடிஞ்சிருச்சு, செயலாளர் எதையோ மறைக்கிறாருன்னு ஒரு அண்ணன் பேசினதா காதுல விழுந்துச்சு. அதனால இந்த வாட்டி எதையும் மறைக்கல, நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

வருச ஆரம்பத்துல 41 பேரு, இப்ப 46 பேரு. அதுல ஆறு பேரு சந்தா பாக்கி, பேரு சொல்லமாட்டேன், அவங்களுக்கே தெரியும். கமிட்டி ஒம்பது தடவை கூடுச்சு, ஒரு தடவை கோரத்துக்கு ஆளு சேராம பஜ்ஜி சாப்பிட்டுட்டு கலைஞ்சோம். மே மாச கேம்ப்புல 22 புள்ளைங்க நீச்சல் பழகுனாங்க, அதுல நாலு பேரு மீன்பிடிக்கிற வீட்டுப் புள்ளைங்க, அதுங்களுக்கு நாம என்னத்த சொல்லிக்குடுத்தோம்னு எனக்கே தெரியல, அதுங்கதான் நமக்கு டைவ் அடிச்சுக் காட்டுச்சுங்க.

இனி ஏப்ரல் மேட்டர். எல்லாரும் இதுக்குத்தான் வந்திருக்கீங்க.

பெண் கடல்னு சொல்ற, அலை கம்மியான பக்கம் கரைய ஒட்டி 5 கிலோமீட்டர் நீச்சல் வச்சிருந்தோம். காலைல அஞ்சரைக்கு தண்ணில இறங்கணும். நாம பேசி வச்ச ஃபைபர் போட்டு டீசல் போடப் போயி அம்பது நிமிசம் லேட்டு. அதுக்குள்ள நீவாடு, அதான் கடல் ஓட்டம், மாறிருச்சு, கச்சான் காத்தும் லேசா எந்திரிச்சிருச்சு. மூணாவது கிலோமீட்டர்ல காலேஜ் படிக்கிற நம்ம தங்கச்சி ஒருத்தி இருபது நிமிசமா கரையில இருந்த அதே பனைமரத்துக்கு நேராவே நிக்குது, கை போடுது ஆனா நகரல. அப்புறம் கை போடறதையும் நிறுத்திட்டு முகத்த தண்ணில வச்சு அப்படியே மிதந்துச்சு. நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன், பதில் இல்ல. போட்டுல இருந்து குனிஞ்சு கையப் புடிச்சுட்டேன். தொட்டா நீச்சல் முடிஞ்சுது, அதுதான் ரூலு. அது தலையத் தூக்கி "ஏன்ணே தொட்டீங்க, நான் ரெஸ்ட்டுதான எடுத்தேன்"னு கேட்டுச்சு பாருங்க, அதுக்கப்புறம் நாலு மாசம் எங்கிட்ட பேசல. வாட்ஸப் குரூப்புல அது பாட்டி மொதக்கொண்டு என்னத் திட்டுனாங்க.

சரி, மாசாமாசம் கடைசி ஞாயித்துக்கிழமை வேப்பமரத்தடியில நீச்சல் முன்னோடிங்களப் பத்தி பேசுறதுன்னு ஜூன் மாசம் ஆரம்பிச்சோம்ல, அது இந்த சண்டைய மறக்கத்தான் ஆரம்பிச்சது. கடைசில ஒவ்வொரு மாசமும் அதே சண்டைலதான் போயி நின்னுச்சு.

ஜூன்ல கேப்டன் மேத்யூ வெப். கப்பல்ல வேலை பாத்த ஆளு, இங்கிலாந்துக்கும் ஃபிரான்ஸுக்கும் நடுவுல இருக்கிற இங்கிலீஷ் கால்வாய மொதமொத நீந்திக் கடந்தவரு, அப்ப வயசு 27. 1875 ஆகஸ்ட் 12ம் தேதி ஒரு தடவை இறங்கி, கடல் சரியில்லாம பாதியில ஏறிட்டாரு. பன்னெண்டு நாள் கழிச்சு 24ம் தேதி மத்தியானம் டோவர் துறைமுகத்து பாலத்துல இருந்து மறுபடி குதிச்சாரு. உடம்பு முழுக்க கடல்பன்னி எண்ணெய், டால்பின, நம்ம பக்கம் ஓங்கில்னு சொல்வோமே அதோட ஒண்ணுவிட்ட சொந்தம். போனது பூரா தவளை நீச்சல்தான். நடுவுல சொறி, அதான் ஜெல்லி மீனு, அடிச்சிருச்சு, பிராந்தி குடிச்சுட்டு தொடர்ந்து போனாரு (இந்த இடத்துல கைதட்டுன மூணு பேர நான் குறிச்சு வச்சிருக்கேன்). ஃபிரான்ஸ் கரை கண்ணுக்குத் தெரியுது, ஆனா நீவாடு அவர ஏற விடாம மணிக்கணக்கா அங்கயே சுத்த விட்டுச்சு. மறுநாள் காலைல கலேயில ஏறினப்ப 21 மணி 45 நிமிசம் ஆயிருந்துச்சு. நேர்கோட்டுல 34 கிலோமீட்டர்தான், அவரு நீந்துனது 60க்கு மேல. கால்வாயில சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா ஓட்டம் திரும்பும், அதனால யாரு நீந்துனாலும் தடம் பாம்பு மாதிரி வளைஞ்சுதான் போகும். நம்ம போட்டு ஓட்டுற அண்ணன் இதக் கேட்டுட்டு "அப்ப அந்தாளு கூட போன படகுக்காரன் பேரு என்ன"ன்னு கேட்டாரு. யாருக்கும் தெரியல. அவருக்கு இன்னும் அந்த வருத்தம் இருக்கு.

வெப்புக்கு அப்புறம் 36 வருசம் ஒருத்தரும் கடக்கல. 1911ல தாமஸ் பர்ஜெஸ் கடந்தாரு, அதுக்கு முன்னாடி பத்துப் பதினஞ்சு தடவை தோத்தவரு. ஜாபஸ் உல்ஃப்னு இன்னொருத்தரு 20 தடவைக்கு மேல இறங்கி ஒரு தடவை கூட கரை சேரல, கை வேகம் குறையாம இருக்க படகுல ஒருத்தர பேக்பைப் ஊதச் சொல்லிக்கிட்டே நீந்துவாராம். நமக்கும் ஒரு நாயனக்காரர வச்சுக்கலாமான்னு பொருளாளர் கேட்டாரு. பட்ஜெட் இல்ல.

இந்த ரெண்டு பேரும் ஆகஸ்ட் கூட்டத்துல மறுபடி வந்தாங்க. ஏன்னா ஆகஸ்ட்ல கெர்ட்ரூட் எடர்லி. நியூயார்க் பொண்ணு. 1925ல மொத தடவை கால்வாயில இறங்குனப்ப அவளுக்கு கோச்சு அந்த உல்ஃப்தான். எட்டு மணி நேரத்துக்கு மேல நீந்திட்டா, இருமல் வந்துச்சு, முகத்த தண்ணில வச்சு மிதந்தா. உல்ஃப் பயந்துபோயி, பக்கத்துல நீந்திட்டு இருந்த எகிப்துக்காரர் இஷாக் ஹெல்மிகிட்ட அவளப் புடின்னு சொல்லிட்டாரு. தொட்டாச்சு, முடிஞ்சுது. நான் ரெஸ்ட்டுதான் எடுத்தேன்னு அவ சொன்னா. இத நான் படிச்சுக்கிட்டு இருக்கேன், வேப்பமரத்தடியில ஒரு சத்தம் இல்ல, எல்லார் கண்ணும் எம்மேல. மூணாவது வரிசைல இருந்து தங்கச்சி "படிங்கண்ணே, அப்புறம் என்னாச்சு"ன்னுச்சு. நாலு மாசத்துக்கப்புறம் எங்கிட்ட பேசுன மொத வார்த்தை அதுதான்.

அப்புறம் என்னாச்சுன்னா, எடர்லி கோச்ச மாத்திட்டா. பர்ஜெஸ்கிட்ட போனா. நானா கேக்காம யாரும் என்னத் தொடக்கூடாதுன்னு அப்பாகிட்டயும் சொல்லி வச்சுக்கிட்டா. 1926 ஆகஸ்ட் 6, ஃபிரான்ஸ் பக்கம் கிரி நே முனைல இருந்து இறங்குனா. கண்ணாடில தண்ணி போகாம இருக்க ஓரத்துல மெழுகு உருக்கி ஒட்டியிருந்தாங்க. உடம்பெல்லாம் கொழுப்பு. கூட வந்த கப்பல் பக்கவாட்டுல அம்புக்குறி போட்டு இந்தப் பக்கம் வாடா கண்ணுங்கிற மாதிரி எழுதி வச்சிருந்தாங்க, கிராமஃபோன்ல பாட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு. சாயங்காலம் கடல் கெட்டுப்போச்சு, ஏறிருன்னு படகுல இருந்து சொன்னாங்க. "எதுக்கு?"ன்னு கேட்டுட்டு தொடர்ந்து நீந்துனா. பதினாலரை மணி நேரம். அதுவரைக்கும் கடந்த ஆம்பளைங்க அஞ்சே பேரு, அவங்கள்ல வேகமானவரு டிராபோஸ்கி, 16 மணி 33 நிமிசம். ரெண்டு மணி நேரம் வித்தியாசத்துல ஒரு பொண்ணு அடிச்சுட்டா. நியூயார்க் திரும்புனப்ப லட்சக்கணக்குல கூட்டம். அவளுக்கு சின்ன வயசுலயே காது மந்தம், பிற்காலத்துல காது கேக்காத புள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக்குடுத்தா, 98 வயசு வரை இருந்தா. அன்னைக்கு நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கறேன்.

ஆனா செப்டம்பர்ல நான் ஒரு ஆளோட வந்தேன். மெர்சிடிஸ் கிளைட்ஸ், லண்டன்ல டைப்பிஸ்ட்டா வேலை பாத்தவ. 1927 அக்டோபர் 7ம் தேதி கால்வாய கடந்துட்டா, பிரிட்டிஷ் பொண்ணுங்கள்ல மொத ஆளு. நாலு நாள் கழிச்சு டாக்டர் ஒருத்தங்க நானும் கடந்தேன்னு சொல்லி, அப்புறம் அது பொய்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அதோட ஊரு கிளைட்ஸையும் சந்தேகப்பட ஆரம்பிச்சிருச்சு. சரி மறுபடி நீந்திக் காட்டறேன்னு 21ம் தேதி இறங்குனா, கழுத்துல ரோலக்ஸ் வாட்ச்ச மாட்டிக்கிட்டு. அக்டோபர் கடைசில அந்தத் தண்ணி எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க, நம்மாளு ஒருத்தரு மார்கழில குளிக்கவே யோசிக்கிறாரு. பத்து மணி நேரத்துக்கு மேல நீந்தி, குளிர்ல நினைவு தப்புற நிலைமைல தூக்கிட்டாங்க. கரை சேரல. ஆனா அத்தன நேரம் அந்தக் குளிர்ல கிடந்தவ பொய் சொல்லியிருக்க மாட்டான்னு எல்லாரும் நம்பிட்டாங்க. அவளத் தூக்குனவங்க தப்பு பண்ணாங்களா? இதத்தான் நான் கேட்டேன். தங்கச்சி ஒண்ணும் சொல்லல, வாட்ச் ஓடுச்சான்னு மட்டும் கேட்டுச்சு. ஓடுச்சு.

அந்த பொய் விவகாரத்துக்கு அப்புறம்தான் சாட்சி, லாக் புக்கு எல்லாம் கறாரா வந்துச்சு. நாமளும் அக்டோபர்ல இருந்து 40 பக்க நோட்டு ஒண்ணு போட்டு, யாரு எப்ப இறங்குனாங்க, என்ன குடிச்சாங்க, காத்து எங்கிருந்துன்னு எழுதுறோம். கையெழுத்து கோழி கிறுக்குன மாதிரி இருக்குன்னு ஆடிட்டர் சொன்னாரு, ஆடுற போட்டுல அவரு எழுதிப் பாக்கட்டும்.

வாடைக் காலத்துல கடல்ல இறங்கல, பேச்சு மட்டும்தான். ஆரத்தி சாகா பத்தி பேசுனோம். பதினோரு வயசுல ஹெல்சிங்கி ஒலிம்பிக் போன பொண்ணு. 1959 ஆகஸ்ட் 27ம் தேதி கால்வாய்ல இறங்க வேண்டிய அன்னைக்கு வழிகாட்டுற படகு 40 நிமிசம் லேட்டு! அந்த நாப்பது நிமிசத்துல ஓட்டம் போயிருச்சு, இங்கிலாந்து கரைக்கு ரொம்ப கிட்ட வரைக்கும் வந்துட்டு எதிர் ஓட்டத்துல மாட்டி விட்டுட்டு வந்தா. அடுத்த மாசம் 29ம் தேதி திரும்ப இறங்கி 16 மணி 20 நிமிசத்துல முடிச்சா, ஆசியாவுல மொத பொண்ணு, மறுவருசம் பத்மஸ்ரீ. இதக் கேட்டப்ப போட்டுக்கார அண்ணன் தலைய குனிஞ்சுக்கிட்டாரு, டீசல அதுக்கப்புறம் முந்தின நாளே ரொப்பி வச்சுடறாரு. இந்த வருசத்துல நமக்கு நிஜமா கிடைச்ச முன்னேற்றம் அதுதான்னு நினைக்கறேன்.

ஜனவரில தனுஷ்கோடி கடைசில இருக்கிற அரிச்சல்முனைக்கு வேன் போட்டுப் போனோம். மிஹிர் சென் பத்தி அங்க நின்னு பேசலாம்னு ஐடியா. அவரு 1958லயே கால்வாய கடந்த மொத இந்தியரு. 1966 ஏப்ரல் 5ம் தேதி இலங்கை தலைமன்னார்ல இறங்கி 25 மணி 36 நிமிசம் கழிச்சு தனுஷ்கோடி வந்து சேந்தாரு, கூட நேவி கப்பல் வந்துச்சு. சுமார் 30 கிலோமீட்டருக்கு ஒரு நாளுக்கு மேல! அவரு வந்து ஏறுனப்ப தனுஷ்கோடின்னு ஒரு ஊரே இல்ல, 1964 டிசம்பர் புயல் அடிச்சு ஒண்ணரை வருசம் கூட ஆகல. அதே வருசம் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய்னு எல்லாத்தையும் நீந்துனாரு.

அங்க நிக்கறப்பதான் நம்ம மூத்த உறுப்பினர் ஐயா, யாழ்ப்பாணம் பக்கம் வல்வெட்டித்துறைல சொந்தபந்தம் உள்ளவரு, கோவப்பட்டாரு. "எப்பப் பாத்தாலும் மிஹிர் சென்லயே ஆரம்பிக்கிறீங்களே தம்பி, 1954லயே எங்க நவரத்தினசாமி வல்வெட்டித்துறைல இருந்து கோடியக்கரைக்கு நீந்திட்டாரு, 27 மணி நேரம், அவரு பேரு உங்க லிஸ்ட்டுல எங்க"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி, லிஸ்ட்டுல இல்ல, தப்பு எம்மேல. அப்புறம் அவரே ஆழிக்குமரன் ஆனந்தன் கதையும் சொன்னாரு. 1971ல தலைமன்னார்ல இருந்து தனுஷ்கோடி வந்து, திரும்ப அங்கயே நீந்திப் போனவரு, மொத்தம் 51 மணி நேரம். தூங்காம ரெண்டு ராத்திரி. சொல்லிட்டு ஐயா கொஞ்ச நேரம் கடலப் பாத்துக்கிட்டே நின்னாரு. 1984 ஆகஸ்ட்ல அதே ஆனந்தன் இங்கிலீஷ் கால்வாய்ல நீந்துறப்ப இறந்துட்டாரு, திரும்பி வரல. யாரும் எதுவும் பேசல. வேன்ல வர்றப்ப தங்கச்சி என் பக்கத்து சீட்டுல வந்து உக்காந்துச்சு, கடலை மிட்டாய் குடுத்துச்சு.

அதுக்கப்புறம் கமிட்டில உக்காந்து ஒரு ஃபாரம் தயார் பண்ணோம். இறங்கறதுக்கு முன்னாடி நீந்தறவங்களே எழுதிக் குடுக்கணும்: ரெஸ்ட் எடுத்தா என்ன சைகை, கூப்பிட்டு எத்தன நிமிசம் பதில் இல்லன்னா தொடலாம், தொடறது யாரு. மல்லாந்து படுத்து ஒரு கை தூக்குனா ரெஸ்ட்டு, குப்புற மிதந்து பத்து எண்ணுறதுக்குள்ள சைகை வரலன்னா தொட்டுடுவோம், அதுல பேச்சே கிடையாது. இதுக்கு மட்டும் மூணு மீட்டிங்கு ஆச்சு, நாலு தடவை ஜெராக்ஸ், மொத்த செலவு 86 ரூவா, கணக்குல "இதர"ல இருக்கு.

பிப்ரவரி கடைசில அதே 5 கிலோமீட்டர மறுபடி வச்சோம். போட்டு கால் மணி நேரம் முன்னாடியே வந்து நின்னுச்சு. ஃபாரம வாங்கிப் பாத்தேன். தங்கச்சி எல்லாத்தையும் ஒழுங்கா நிரப்பியிருந்துச்சு, "தொடறது யாரு"ங்கிற இடத்துல போட்டுக்கார அண்ணன் பேரு. கீழ பேனாவுல தனியா ஒரு வரி: செயலாளர் அண்ணன் போட்டுல வரவேண்டாம், கரையில நிக்கட்டும்.

கமிட்டி அத ஏத்துக்கிச்சு. நான் துண்டும் ஃபிளாஸ்க்கும் வச்சுக்கிட்டு பனைமரத்தடியில நின்னேன்.