வேத வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

போன பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, பழைய ஏற்பாட்டில் கடவுள் ராஜாவாக வருகிற இடங்களைத்தான் இந்த ஆண்டு முழுக்கப் படித்தோம். மாதம் ஒரு கூட்டம், மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது.

93, 97, 99ஆம் சங்கீதங்கள் மூன்றுமே "கர்த்தர் ராஜரிகம்பண்ணுகிறார்" என்றுதான் தொடங்குகின்றன. பாடிப் பாடிப் பழகியதால் அதை வெறும் துதியாகவே நினைத்திருந்தோம். அது ஆட்சியைப் பற்றிய பேச்சு என்பது 1 சாமுவேல் 8க்கு வந்தபோதுதான் உறைத்தது. ஜனங்கள் ராஜா கேட்கிறார்கள், அவர்கள் தள்ளியது உன்னையல்ல, என்னைத்தான் என்று கர்த்தர் சாமுவேலிடம் சொல்கிறார். அப்புறம் சாமுவேல் எச்சரிக்கிறார்: அந்த ராஜா உங்கள் மகன்களை ரதத்துக்கு முன் ஓட எடுப்பான், மகள்களைச் சமைக்கவும் அப்பம் சுடவும் எடுப்பான், தானியத்தில் பத்தில் ஒன்று வாங்குவான். சத்தமாக வாசித்துக்கொண்டிருந்த அக்கா அங்கே நிறுத்தி, "அந்தப் பத்தில் ஒன்று, தசமபாகம், கர்த்தருக்கு உரியதாச்சே?" என்றார். அன்று வேறெதுவும் பேச முடியவில்லை.

என்னைக் கேட்டால், கர்த்தருக்குக் கீழ்ப்படியாதவர்களுக்கு வரும் சாபங்களைச் சொல்லும் உபாகமம் 28 படித்த கூட்டம்தான் இந்த ஆண்டின் சிறந்த கூட்டம். அசீரிய மன்னன் எசரத்தோன், தன் மகன் அசூர்பனிபாலுக்கு விசுவாசமாக இருக்கவேண்டும் என்று கி.மு. 672ல் சிற்றரசர்களிடம் ஆணை வாங்கினான். அந்த உடன்படிக்கைப் பலகைகள் 1955ல் ஈராக்கின் நிம்ருதில் கிடைத்தன. மீறுகிறவனுக்கு அதில் உள்ள சாபம், நிலம் இரும்பாகும், வெண்கல வானத்திலிருந்து மழை விழாது என்பது. உபாகமம் 28:23ஐத் திறந்து பாருங்கள், அதே வெண்கல வானம், அதே இரும்புப் பூமி! யூதாவின் ராஜா மனாசேயும் எசரத்தோனுக்குக் கப்பம் கட்டியவன்தான். இளவரசனை உங்களைப்போலவே நேசியுங்கள் என்கிறது அந்தப் பலகை. முழு இருதயத்தோடும் கர்த்தரிடத்தில் அன்புகூரச் சொல்கிறது உபாகமம் 6. பேரரசன் தனக்கென்று கேட்ட அன்பைக் கர்த்தருக்கே கொடு என்று அந்தச் சின்ன தேசத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

உபாகமம் 17ஐ அவசரமாக முடித்துவிட்டோம், அது என் குறை. ராஜா குதிரைகளைப் பெருக்கக் கூடாது, நியாயப்பிரமாணத்துக்கு, அதாவது கர்த்தரின் சட்டத்துக்கு, ஒரு பிரதி எழுதிவைத்துத் தினமும் வாசிக்கவேண்டும் என்று அங்கே இருக்கிறது. இன்னொரு நாள் நின்று படிக்கவேண்டிய பகுதி.

வரும் ஆண்டு ஏசாயா 45. பாரசீக ராஜா கோரேசை, தாம் அபிஷேகம் பண்ணினவன் என்று கர்த்தர் அழைக்கும் அதிகாரம் அது, எல்லோரும் ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.