ஆட்டப் படங்களை எடுத்து முன்னால் வைத்தவருக்கு

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து ஹண்டிங்டன் நகரில், மார்ஷல் பல்கலைக்கழகத்தின் நினைவு நீரூற்றை இன்று நிறுத்திவிட்டார்கள். இனி வசந்தம் வரும்வரை அதில் தண்ணீர் வராது. நவம்பர் 14 வந்தாலே மார்ஷலின் அமெரிக்கக் கால்பந்து அணியை நேசிக்கும் எங்களுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். 1970-இல் அந்த நாளில்தான் அணி திரும்பி வந்த விமானம் விழுந்து, அதில் இருந்த எல்லோரும் இறந்தார்கள். அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. அதன் பிறகு 1971 சீசன் நடப்பதற்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பாபி போடன் ஐயாவுக்கு. 2021-இல் அவர் மறைந்துவிட்டார். இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். அப்போது அவர் அதே மாநிலத்தின் பெரிய அணியான மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர். மார்ஷலின் 1970 சீசனில் மிச்சமிருந்த ஒரே ஆட்டத்தை, மார்ஷல் சட்டை போட்டுத் தன் பையன்கள் ஆடித் தர அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. ஹெல்மெட்டில் பச்சைச் சிலுவையும் மார்ஷலின் எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு அவர்கள் தங்கள் அணியின் ஆட்டத்தில் ஆடினார்கள். அந்த மனசை மறக்க முடியாது. ஆனால் எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. மார்ஷலுக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் ஜாக் லெங்யெலுக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் தன் ஆட்டப் படங்களையும் குறிப்பேடுகளையும் போடன் திறந்து காட்டினார்.

போடனின் அணி ஆடிய, லெங்யெல் கற்க விரும்பிய ஆட்டமுறைக்கு வீர் (veer) என்று பெயர். அந்தப் படங்களின் அருமை அதைப் பயிற்சி செய்து பார்த்தவர்களுக்குப் புரியும். ஹூஸ்டனில் பில் யோமன் 1960களில் உருவாக்கிய முறை அது. எடை குறைந்த, அனுபவமில்லாத முன்வரிசைக்கு ஏற்றது. எதிரணித் தடுப்பில் இரண்டு பேரை யாருமே மறிப்பதில்லை. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று, பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பார்த்து முடிவெடுக்கிறார். கார்டு என்ற முன்வரிசை ஆட்டக்காரருக்கு வெளியே நிற்கும் தடுப்பாளர் உள்ளே பாய்ந்தால், முன்னே ஓடும் ஆட்டக்காரரின் வயிற்றில் வைத்த பந்தை உருவிக்கொள்ள வேண்டும். வெளியிலேயே நின்றால் பந்தை அவரிடமே விட்டுவிட வேண்டும். அடுத்து, ஓரத்தில் நிற்பவர் தன்மேல் வந்தால் பந்தைப் பக்கத்தில் ஓடி வருபவருக்கு எறிய வேண்டும். வராவிட்டால் தானே ஓட வேண்டும். இரண்டு பேரை விட்டுவிடுவதால், மற்ற இடத்தில் ஒருவரை இருவராகச் சேர்ந்து தள்ளலாம். அதனால்தான் பலம் குறைந்தவர்களும் சமாளிக்க முடிகிறது.

கரும்பலகையில் வரைந்தால் இது அரை மணி நேரப் பாடம். சிக்கல் முழுவதும் வரைபடத்தில் தெரியாத இடத்தில் இருக்கிறது. பந்தை வயிற்றில் எவ்வளவு நேரம் வைத்திருப்பது? ஒரு கணம் கூடினால் இருவர் கையும் சிக்கிப் பந்து கீழே விழும். குறைந்தால் தடுப்பாளர் ஏமாறமாட்டார். எறிவதற்காகப் பக்கத்தில் வருபவர் நான்கைந்து யார்டு இடைவெளி விடாமல் ஒட்டி ஓடினால் ஒரே ஆள் இருவரையும் பிடித்துவிடுவார். முன்வரிசை அகலமாக நிற்பதால், நடு இடைவெளியில் ஒருவர் பாய்ந்து வந்தால் எல்லாமே கலைந்துவிடும். இவற்றைப் பிலிம் சுருளை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துத்தான் கற்க முடியும். கோடையில் அணியைத் திரட்டுகிறவர்களுக்கு அந்தப் படங்கள் பல மாதப் பயிற்சிக்குச் சமம்.

1971 சீசனின் முதல் ஆட்டத்தில் மார்ஷல் பையன்கள் மோர்ஹெட் அணியிடம் 29-6 தோற்றார்கள். அடுத்தது செப்டம்பர் 25, ஃபேர்ஃபீல்டு ஸ்டேடியம், எதிரணி சேவியர். 13-9 பின்தங்கி, கடிகாரத்தில் ஒரே ஒரு முறை முயல மட்டும் நேரம் மிச்சம், எல்லைக்கு 13 யார்டு. மார்ஷலின் குவார்ட்டர்பேக் ரெஜி ஆலிவர் வலப்பக்கம் ஓடித் தடுப்பை இழுத்துக்கொண்டு, இடப்பக்கம் நழுவியிருந்த முதலாண்டு மாணவர் டெரி கார்ட்னருக்குப் பந்தை எறிந்தார். 15-13, மார்ஷலுக்கு வெற்றி. கடைசியில் கைகொடுத்தது வீர் ஆட்டம் இல்லைதான். ஆனாலும் பந்தைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்பேக்கே ஓடிவிடுவார் என்ற பயம் இருந்தால்தான் தடுப்பு அப்படி ஒரு பக்கமாகச் சாயும் என்று நாங்கள் நம்புகிறோம்.

முதலாண்டு மாணவர்களை ஆடவிட விதியைத் தளர்த்திய கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வுக்கும், வேறு விளையாட்டிலிருந்து வந்து தோள் கவசம் மாட்டிக்கொண்டவர்களுக்கும், கடிதம் எழுதி ஊக்கம் தந்த அதிபர் நிக்சனுக்கும், தோல்வி தோல்வியாக வந்தபோதும் ஸ்டேடியத்துக்கு வந்து உட்கார்ந்த ஹண்டிங்டன் மக்களுக்கும் சேர்த்து நன்றி. அந்த சீசன் 2 வெற்றி, 8 தோல்வி. இரண்டாவது வெற்றி பௌலிங் கிரீனோடு, 12-10. எங்களுக்கு அந்த இரண்டும் போதும்.

மேற்கு வர்ஜீனியாவோடு மோதும் நாளில் தொண்டை கிழிய எதிர்த்துக் கத்துவோம், அதில் மாற்றமில்லை. ஆனால் அவர்கள் களத்துக்குள் ஓடி வரும்போது, ஒருமுறை எழுந்து நின்று கைதட்டிவிட்டுத்தான் கத்தத் தொடங்குவோம்.