மெட்ஃபார்மினை நீயாக நிறுத்தாதே

கண்ணா,

நீ அனுப்பியதைப் படித்ததும் போன் செய்யத்தான் நினைத்தேன். ஆனால் போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் "சரிம்மா, பார்த்துக்கறேன்மா" என்று முடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. "டாக்டர் சர்க்கரை நோய்க்குக் கொடுத்த மெட்ஃபார்மின் வயிற்றைப் புரட்டுகிறது, அது கெமிக்கல், அதை விட்டுவிட்டுப் பெர்பெரின் மாத்திரைக்கு மாறப்போகிறேன், அது மூலிகை, மூலிகைப் பாடம் எடுத்தவள் நீ, உனக்குப் பிடிக்கும்" என்று எழுதியிருக்கிறாய். பிடிக்கும்தான். இத்தனை வருஷம் பார்மசி மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பாடத்தை வைத்தே சொல்கிறேன், மெட்ஃபார்மினை நீயாக நிறுத்தாதே.

முதலில் அந்த "கெமிக்கல்" விஷயம். மெட்ஃபார்மினுக்கு மூதாதை ஒரு செடி. காலேகா அஃபிசினாலிஸ் என்று பெயர், ஐரோப்பாவில் பழைய காலத்திலிருந்தே வைத்தியத்தில் இருந்தது, வெள்ளையும் ஊதாவுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதில் கலீகின் என்றொரு பொருள் இருக்கிறது, குவானிடின் குடும்பத்தைச் சேர்ந்தது. குவானிடின் இரத்தச் சர்க்கரையை இறக்கும் என்று 1918இல் விலங்குகளில் கண்டுபிடித்தார்கள், அப்புறம் கலீகினை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கியது. கூடவே விஷமும் இருந்தது. அந்தச் செடியை மேய்ந்து ஆடுகள் சாவது உண்டு என்றால் பார்த்துக்கொள். 1922இல் டப்ளினில் வெர்னர், பெல் என்ற இருவர் மெட்ஃபார்மினை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள், ஆனால் இன்சுலின் வந்த புதிது, யாரும் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1957இல்தான் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டார். அமெரிக்கா 1994 வரைக்கும் அனுமதி கொடுக்கவில்லை, ஏனென்றால் இதே குடும்பத்துப் பென்ஃபார்மின் இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏற்றி உயிர்களை வாங்கியதால் எழுபதுகளில் அதை விற்பனையிலிருந்தே எடுத்திருந்தார்கள், அந்தப் பயம் லேசில் போகவில்லை. 1998இல் பிரிட்டனின் பெரிய நீரிழிவு ஆய்வு வெளிவந்தது. அதிக எடையுள்ள நோயாளிகளைப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில், மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் குறைந்திருந்தது, மரணமும் குறைந்திருந்தது. ஆக நீ செடி வேண்டுமென்று ஒதுக்குகிற மாத்திரை, செடியில் இருந்த விஷத்தைக் கழித்து, அளவைக் கட்டி, பல்லாயிரம் பேரிடம் பார்த்துப் பார்த்து வந்து சேர்ந்த பொருள்.

செடியிலிருந்து மருந்து வந்த இன்னொரு கதை இதைவிட எனக்குப் பிடித்தது, வகுப்பில் சொல்லும்போது நேரம் போவதே தெரியாது. ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து 1835இல் புளோரிசின் என்ற கசப்பான பொருளைப் பிரித்தார்கள், கசப்பாக இருக்கிறதே காய்ச்சலுக்கு ஆகுமோ என்று கூட நினைத்தார்கள். 1886இல் ஃபான் மெரிங் அதை நாய்களுக்குக் கொடுத்தபோது சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. காரணம் ரொம்பப் பின்னால்தான் புரிந்தது. சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, கிட்டத்தட்ட முழுவதையும் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. அதில் பெரும்பங்கு வேலையைச் செய்வது எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம், புளோரிசின் போய் அதை அடைக்கிறது. அப்படியென்றால் ஆப்பிள் பட்டையை இடித்துக் குடித்தால் போதுமே என்று கேட்பாய். போதாது. புளோரிசினில் ஒரு சர்க்கரை மூலக்கூறு ஆக்சிஜன் வழியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, குடலில் இருக்கும் ஒரு நொதி அந்த இடத்தில் வெட்டிவிடும், சிறுநீரகம் வரைக்கும் அது போய்ச்சேராது. போதாததற்குக் குடலில் இருக்கும் இன்னொரு புரதத்தையும் அடைத்து வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். வேதியியலாளர்கள் செய்தது என்ன தெரியுமா, அந்தச் சர்க்கரையை ஆக்சிஜன் வழியாக ஒட்டாமல் நேரடியாகக் கார்பனோடு ஒட்டினார்கள். நொதியால் வெட்ட முடியவில்லை. அங்கிருந்து வந்தவைதான் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்துகள் எல்லாம். 2015இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த சர்க்கரை நோயாளிகளுக்கு எம்பாகிளிஃப்ளோசின் கொடுத்தபோது இதயம் சார்ந்த மரணங்கள் 38 சதவீதம் குறைந்தன. ஒரே ஒரு பிணைப்பை மாற்றியதில் வந்த வித்தியாசம் இது.

சரி, உன் பெர்பெரினுக்கு வருகிறேன். அது ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன், நிஜமாகவே வேலை செய்கிற பொருள். மரமஞ்சளில் இருக்கிற அதே மஞ்சள் நிறப் பொருள். சாற்றை டிஎல்சி தகட்டில், அதாவது கலவையில் இருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் தகட்டில், ஒரு புள்ளி வைத்து, கரைப்பானில் ஓடவிட்டு, காயவைத்து, இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழே பிடித்தால் பளீரென்று மஞ்சளாக ஒளிரும். பிள்ளைகள் முதல் தடவை பார்க்கும்போது "மேடம்!" என்று கத்துவார்கள். அதே பரிசோதனையில், மரமஞ்சள் என்று பொட்டலத்தில் எழுதிவந்த சில சரக்குகளில் அந்தப் புள்ளி மங்கிப்போய்த் தெரியும், சிலவற்றில் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது, கண்ணுக்கு மட்டும் மஞ்சளாக இருக்கும். அதனால்தான் புட்டியின் பின்பக்கத்தைக் கேட்கிறேன். நீ அனுப்பியது முன்பக்கப் படம், இலையும் கொட்டை எழுத்தும். "மூலிகைச் சாறு 500 மில்லிகிராம்" என்றால் அதில் பெர்பெரின் எவ்வளவு என்று தெரியாது, வேரா தண்டா, எந்த வயதுச் செடி, எந்தப் பருவத்தில் வெட்டியது, எதில் காய்ச்சி எடுத்தது என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். பெர்பெரின் இத்தனை மில்லிகிராம் என்று தனியாகப் போட்டிருக்கிறதா பார். மூலிகை மாத்திரை என்று விற்றவற்றில் கிளிபென்கிளமைடு மாதிரி அசல் சர்க்கரை மருந்தையே ரகசியமாகக் கலந்து பிடிபட்ட சம்பவங்களும் உண்டு. ஒரு மூலிகை ரெண்டே நாளில் அதிசயமாக வேலை செய்தால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும்.

பெர்பெரின் மெட்ஃபார்மினுக்குச் சமம் என்று நீ சொன்ன அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். 2008இல் சீனாவில் செய்தது. புதிதாகச் சர்க்கரை கண்டுபிடித்த 36 பேர், பாதிப் பேருக்கு மெட்ஃபார்மின், பாதிப் பேருக்குப் பெர்பெரின் 500 மில்லிகிராம் தினம் மூன்று வேளை, மூன்று மாதம். பெர்பெரின் எடுத்தவர்களுக்கு இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.5 சதவீதத்திலிருந்து 7.5க்கு இறங்கியது, மெட்ஃபார்மினுக்குச் சமமாக. நல்ல முடிவுதான். ஆனால் 36 பேர், மூன்று மாதம். மாரடைப்பு குறைந்ததா, சிறுநீரகம் தாங்கியதா, பத்து வருஷம் கழித்து யார் எப்படி இருக்கிறார்கள் என்பதையெல்லாம் அதில் தேட முடியாது. இன்னொரு வேடிக்கை, அதே ஆய்வுக் கட்டுரையில் பெர்பெரின் எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கொஞ்ச நாள் வயிற்றுப் பிரச்சினை வந்தது என்றும் இருக்கிறது. வயிற்றுக்குப் பயந்துதானே நீ மாறப்போகிறாய்?

அது உடம்பில் எப்படிப் போகிறது என்பதும் விசித்திரம். விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்கு கூட இரத்தத்துக்கு வருவதில்லை. குடல் சுவரில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்று ஒன்று, வாசலில் நிற்கும் காவலாள் மாதிரி, உள்ளே நுழைந்ததைப் பிடித்துத் திரும்ப வெளியே தள்ளிவிடுகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொடுத்தால் சுலபமாக உறிஞ்சப்படுகிறது, ஆகவே உன் குடலில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் பலன் மாறலாம். வந்துசேர்ந்த கொஞ்சமும் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேகத்தை லேசாகக் குறைத்து, சக்தி குறைந்ததை உணர்கிற ஏஎம்பிகே என்ற நொதியை எழுப்பிவிடுகிறது. மெட்ஃபார்மினும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது, "இயற்கையின் மெட்ஃபார்மின்" என்று விளம்பரம் போடுவது அதை வைத்துத்தான். கெட்ட கொழுப்பைக் குறைப்பதில் மட்டும் அதற்குத் தனி வழி உண்டு, ஈரலில் எல்டிஎல் என்ற அந்தக் கெட்ட கொழுப்பைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளை அதிகமாக்குகிறது என்று 2004இல் காட்டினார்கள்.

இங்கேதான் உன் விஷயத்தில் எனக்கு உண்மையான பயம். நீ கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை எடுக்கிறாய். அது உடம்பில் கழிவது சிஒய்பி3ஏ4 என்ற ஈரல் நொதியால். பெர்பெரினைத் தொடர்ந்து எடுத்தால் அந்த நொதியின் வேகம் குறைகிறது, மனிதர்களிலேயே பார்த்திருக்கிறார்கள். நொதி மந்தமானால் கொழுப்பு மாத்திரை இரத்தத்தில் கூடுதலாகத் தங்கலாம், தசை வலி, தசைச் சிதைவு வரைக்கும் போகக்கூடிய மருந்து அது. மூலிகைக்குப் பக்கவிளைவு கிடையாது என்று யாராவது சொன்னால், விளைவு இருக்கிறதா என்று முதலில் கேள். விளைவு இருக்கிற எதற்கும் பக்கவிளைவு இருக்கும்.

மருமகளுக்கும் எடை குறைய ஒரு புட்டி வாங்கியதாக ஒரு வரி எழுதியிருந்தாயே, அந்த வரியைப் பார்த்துத்தான் எனக்கு இரவு தூக்கம் போயிற்று. அவள் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பெர்பெரின் இரத்தப் புரதத்திலிருந்து, மஞ்சள்காமாலைக்குக் காரணமான பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவைத் தள்ளிவிடும், பச்சைக் குழந்தைக்கு மஞ்சள்காமாலை முற்றி மூளையைத் தாக்கும் அபாயம் உண்டு என்பதால் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் கூடவே கூடாது என்பார்கள். இதில் விவாதம் வேண்டாம், அவள் அதைத் தொடக்கூடாது.

எடை குறைக்கும் மூலிகை என்றாலே எனக்கு பெல்ஜியம்தான் ஞாபகம் வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே எடை குறைப்புச் சிகிச்சையில் சீன மூலிகைப் பொடி ஒன்றைச் சேர்த்தார்கள். ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா என்ற செடியின் வேர் போகவேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி என்ற செடியின் வேர் போய்விட்டது, சீனப் பெயர்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம். அந்த இரண்டாவதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்கள், சிறுநீரகம் கெட்டது, நிறையப் பேர் டயாலிசிஸுக்கும் மாற்று அறுவைக்கும் போனார்கள், பின்னால் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. எடையைக் குறைக்கவேண்டும் என்று நல்ல எண்ணத்தில் ஆரம்பித்தவர்கள்தான் எல்லோரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து அவற்றைத்தான் கேட்பாய். சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்டது மாதிரிதான் இருக்கும், அதில் இருக்கும் ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு ஏற்பியை அடைப்பதால். நாக்கில் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக இரத்தத்தில் அதே அளவு நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாதே, மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சின்னச் சின்னவை. வெந்தயத்தின் பலனில் பெரும்பகுதி அதன் வழுவழுப்பான நார்ச்சத்தில் இருக்கிறது, சர்க்கரை உறிஞ்சுவதைத் தாமதப்படுத்தும், நாரை எடுத்துவிட்டுச் சாறு மட்டும் அடைத்த மாத்திரையில் அது ஏது? பாகற்காய், இலவங்கப்பட்டை இரண்டையும் பற்றி காக்ரேன் குழு 2012இல் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, சிபாரிசு செய்யும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றது. இலவங்கப்பட்டையில் கேசியா வகையில் கூமரின் இருக்கிறது, அளவு மீறினால் ஈரலுக்கு ஆகாது. குக்குலு பிசின் கொழுப்பைக் கரைக்கும் என்று ரொம்ப நாள் நம்பினோம், 2003இல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் ஒழுங்காகச் சோதித்தபோது எல்டிஎல் இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியது. இதையெல்லாம் சொல்வது மூலிகையை மட்டம் தட்ட இல்லை. எந்தப் பொருள், எவ்வளவு, எவ்வளவு தூரம் உள்ளே போகிறது, யாரிடம் எத்தனை நாள் பார்த்தார்கள், இந்தக் கேள்விகளுக்குப் பதில் வந்தால் அது மருந்து, வராதவரைக்கும் அது ஆராய்ச்சிக்கு நல்ல சரக்கு, உனக்கு இல்லை.

இப்போது நீ செய்யவேண்டியது. மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு எடு, வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ஓடாதே. மெதுவாகக் கரையும் வகை ஒன்று இருக்கிறது, வயிற்றுக்கு இதம், அதற்கு மாற்றலாமா, குறைந்த அளவில் ஆரம்பித்து ஏற்றலாமா என்று டாக்டரிடமே கேள், இது அவர்கள் தினமும் கேட்கிற புகார்தான், உன்னைத் திட்டமாட்டார்கள். பெரும்பாலும் சில வாரத்தில் வயிறு பழகிவிடும். போகும்போது அந்தப் புட்டியையும் கொண்டுபோ, ஒளிக்காதே. ஏற்கெனவே சில நாள் விழுங்கியிருந்தால் அதையும் சொல், தசை வலி இருந்தால் கட்டாயம் சொல். சிறுநீரகமும் ஈரலும் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல், நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், அதையும் அவ்வப்போது பார்க்கவேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு, முழுசாக, "எல்லாம் நார்மல்மா" என்று ஒரு வரியில் வேண்டாம். அதற்கு முன்னால் மருமகளிடம் அந்தப் புட்டியைப் பற்றி இன்றைக்கே பேசிவிடு. உனக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தால் சாயங்காலம் நானே அவளுக்குப் போன் செய்கிறேன்.

அம்மா