எழுத்தைப் பிரித்துப் போட்ட ஆறு மாதம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. போனில் சொல்ல வரவில்லை. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படி.

"இந்த வருஷம் எங்கள் டீமில் புதிதாக யாரையும் எடுக்கவில்லை அம்மா, புதியவர்கள் செய்கிற வேலையை இப்போது ஏஐ செய்துவிடுகிறது" என்றாய். உன் வேலைக்கு ஆபத்தில்லை என்று எனக்குத் தைரியம் கொடுக்கத்தான் அதைச் சொன்னாய், தெரியும். அப்புறம் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாய். உங்களிடம் இரண்டு மாதம் பயிற்சிக்கு வந்துபோன ஒரு பெண், வேலை ஏதாவது இருக்கிறதா என்று மாதாமாதம் கேட்டு எழுதுகிறாள், என்ன பதில் போடுவதென்றே தெரியவில்லை என்று. உடனே பேச்சை மாற்றிவிட்டாய். என் மனசு அந்தப் பெண்ணிடமே நின்றுவிட்டது.

நான் அச்சகத்தில் கம்போசிட்டராக, அதாவது அச்சுக்கோக்கிறவளாக, இருந்தது உனக்குத் தெரியும். அந்த வேலையை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று முழுசாகச் சொன்னதில்லை. சேர்ந்த முதல் ஆறு மாதம் என்னை ஒரு வரிகூட அச்சுக்கோக்க விடவில்லை. அடித்து முடிந்த பக்கத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு ஈய எழுத்தாக எடுத்து, கேஸ் என்கிற சின்னச் சின்ன அறைகள் வைத்த தட்டில் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். எழுத்தைப் பிரித்துப் போடுவது என்போம். எல்லா எழுத்தும் இடவலம் மாறித் தெரியும். விரல் நுனி கறுத்துப்போகும். இதைவிடச் சலிப்பான வேலை உலகத்திலேயே இல்லை என்று அப்போது அழுதிருக்கிறேன்.

ஒருநாள் ரகரத்தையும் துணைக்காலையும் குழப்பி, ஒன்றின் அறையில் இன்னொன்றைப் போட்டுவிட்டேன். இரண்டும் பார்வைக்கு அவ்வளவு ஒத்திருக்கும். மறுநாள் எங்கள் மூத்த கம்போசிட்டர், அவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம், கேஸைப் பார்க்காமல் கைப்பழக்கத்தில் கோத்துக்கொண்டே போனார். புரூஃப் எடுத்தால் வரிக்கு வரி தப்பு. அவர் திட்டவில்லை. இரண்டு அறையையும் ஒரு தாளில் கவிழ்த்து, "பிரி" என்று மட்டும் சொன்னார். பொழுது சாய்கிறவரை பிரித்தேன். அதற்குப் பிறகு அந்த இரண்டு எழுத்தும் என்னை ஏமாற்றியதே இல்லை. பின்னாளில் புரூஃப் பார்க்கும் வேலைக்கு மாறியபோதும் ஒரு துணைக்கால் இடம் மாறியிருந்தால் கண் தானாகப் போய் அங்கே நிற்கும்.

ஆறு மாதம் கழித்து, எழுத்துக் கோக்கிற ஸ்டிக்கைக் கையில் கொடுத்தபோது கை தானாகப் போனது. சொல்லை எங்கே முறிக்கலாம், எங்கே இடம்விட வேண்டும் என்பதையெல்லாம் யாரும் எனக்குப் பாடமாக நடத்தவில்லை. பெரியவர் கோத்த நூற்றுக்கணக்கான பக்கங்களை எழுத்து எழுத்தாகக் கலைத்திருக்கிறேனே, அதில் வந்த படிப்பு அது.

நீ கல்லூரி முடித்துச் சேர்ந்த புதிதில் என்ன சொல்லிப் புலம்பினாய், நினைவிருக்கிறதா? "யாரோ எழுதிய பழைய சாஃப்ட்வேர் கோடில் சின்னச் சின்ன பிழை திருத்துவதுதான் எனக்குக் கொடுத்த வேலை" என்று. எனக்கு அன்றைக்கே புரிந்தது. உனக்கும் எழுத்தைப் பிரித்துப் போடும் வேலைதான் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். இன்று இயந்திரம் எடுத்துக்கொண்டிருப்பது அந்த வேலையை.

ஏஐ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் கண் மங்கிய பிறகு போன்தான் எனக்கு வாசித்துக் காட்டுகிறது. ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் சொல்லித் தருகிறது. இந்த ஒரு வாரமாக அதை வைத்துத்தான் நிறையப் படித்தேன்.

'பழைய வேலை போனால் புதிய வேலை வரும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் யாருக்குப் போகிறது, யாருக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் தொலைபேசி இணைப்பைக் கையால் மாற்றிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். 1920க்கும் 1940க்கும் நடுவில் பாதிக்கும் மேற்பட்ட இணைப்புகள் தானியங்கியாகிவிட்டன. ஜேம்ஸ் ஃபைகன்பாம், டேனியல் கிராஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை வைத்து அவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடியிருக்கிறார்கள். அடுத்து வேலைக்கு வந்த பெண்களுக்கு அலுவலகங்களிலும் உணவகங்களிலும் வேறு வேலைகள் கிடைத்தன. ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் பத்து வருஷம் கழித்து வேலையிலேயே இல்லை. இருந்தவர்களிலும் பலர் குறைந்த சம்பள வேலைக்கு இறங்கியிருந்தார்கள். இழந்தவர் ஒருவர், பெற்றவர் வேறொருவர்.

அன்று அடுத்து வந்தவர்களாவது தப்பித்தார்கள். இப்போது அடுத்து வருகிறவர்கள்தான் முதலில் அடிபடுகிறார்களோ என்று பயமாக இருக்கிறது. எரிக் பிரின்யோல்ஃப்சன் என்ற பொருளியலாளர் 2023இல் இரண்டு பேரோடு சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். வாடிக்கையாளர்களுக்கு உதவி செய்கிற 5,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் பக்கத்துணையாக ஒரு ஏஐ கருவி கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த பிரச்சினைகள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கோ 34 சதவீதம். அனுபவசாலிகளுக்குப் பெரிய மாற்றமில்லை. காரணத்தைப் படித்தபோது மனசு குளிர்ந்தது. நல்ல ஊழியர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதை அந்தக் கருவி கற்றுக்கொண்டு புதியவர்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறது. பெரியவர் என் பக்கத்தில் நின்ற மாதிரிதானே!

அதே ஆள் 2025இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வேறு இருவரோடு இன்னோர் ஆய்வு வெளியிட்டார். இந்த முறை சம்பளப் பட்டியல்களைப் பார்த்திருக்கிறார்கள். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததற்குப் பிறகு, ஏஐ அதிகம் புகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் சரிந்திருக்கிறது. அதே தொழிலில் வயதில் மூத்தவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. இந்தச் சரிவு முக்கியமாக, மனிதன் செய்ததை ஏஐயே செய்து முடிக்கிற இடங்களில்தான். மனிதனுக்குக் கைகொடுக்க அதை வைத்துக்கொண்ட இடங்களில் இளையவர்கள் இப்படி விழவில்லை. அப்படியானால் இது இயந்திரத்தின் குணம் மட்டும் இல்லை கண்ணா. அதை எதற்கு வைத்துக்கொள்கிறோம் என்று உன்னைப் போன்றவர்கள் எடுக்கிற முடிவும் இதில் இருக்கிறது.

இன்னொன்று படித்தேன், அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. படத்தில் இருப்பது என்ன என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க ஃபெய்-ஃபெய் லி என்ற பேராசிரியர் இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பை உண்டாக்கினார். சுமார் 1 கோடியே 40 லட்சம் படங்கள். 167 நாடுகளைச் சேர்ந்த ஆட்கள் வீட்டிலிருந்தபடியே கணினி முன் உட்கார்ந்து, இது இன்னது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். இயந்திரம் தப்பு செய்யச் செய்யப் பொறுமையாகத் திருத்திக்கொண்டே இருந்தோம். பிரித்துப் போடுகிற காலம் அதற்குக் கிடைத்தது. வேலை கேட்டு உனக்கு எழுதுகிற அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் இல்லை என்கிறோம்?

அனுபவம் வந்தவர்களுக்கும் பழக்கம் விட்டால் கை போய்விடும் போலிருக்கிறது. போலந்தில் குடலுக்குள் கேமரா விட்டுப் பரிசோதிக்கிற மருத்துவர்களை வைத்து ஓர் ஆய்வு, 2025இல் வந்தது. எல்லோரும் 2,000 பரிசோதனைக்கு மேல் செய்தவர்கள். கட்டியைச் சுட்டிக்காட்டும் ஏஐ அவர்களுக்கு வந்தது. அது வருவதற்கு முன்பும் வந்த பிறகும், அது இல்லாமல் அவர்களாகவே செய்த பரிசோதனைகளை ஒப்பிட்டார்கள். முன்பு 28.4 சதவீதம் பேருக்குக் கட்டியைக் கண்டுபிடித்தவர்கள், பிறகு 22.4 சதவீதம் பேருக்குத்தான் கண்டுபிடித்தார்கள். ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாது, சரி. ஆனாலும் கைவந்தவர்களுக்கே இப்படியென்றால், கை வருவதற்கு முன்பே துணைக்கு இயந்திரம் வந்துவிட்ட பிள்ளைகளின் நிலை என்ன? லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983இலேயே இதை எழுதிவிட்டார்: சுலபமான வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளும், அதால் முடியாத கடினமான வேலை மனிதனுக்கு மிஞ்சும், அதைச் செய்வதற்கு வேண்டிய பழக்கமோ சுலபமான வேலையோடு போய்விட்டிருக்கும்.

நீ ஓய்வு பெறும்போது உன் இடத்துக்கு யார் வருவார்கள்?

நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1985இல் கணினியிலேயே பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கரும் ஆப்பிளின் லேசர் பிரிண்டரும் வந்தன. எங்கள் அச்சகத்துக்கு அது வந்து சேர இன்னும் சில வருஷம் ஆனது. கேஸ்களைக் கொட்டி ஈயத்தை எடைக்குப் போட்டார்கள். நான் சாயங்காலங்களில் டிடிபி, அதாவது கணினியில் பக்கம் அமைப்பது, கற்றுக்கொண்டேன், சீக்கிரமே பிடிபட்டது. பெரியவருக்கு விசைப்பலகை பழகவில்லை. கொஞ்ச நாள் பைண்டிங்கில் உட்காரவைத்தார்கள், அப்புறம் அனுப்பிவிட்டார்கள். போவதற்கு முந்தைய வாரம் என் பின்னால் வந்து நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த இடைவெளி சரியில்லையே" என்றார். சரியாகத்தான் சொன்னார். நான் திருத்தினேன். "உட்காருங்கள், நான் காட்டுகிறேன்" என்று சொல்லவில்லை. அவசர வேலை இருந்தது. அவசர வேலை எப்போதும்தான் இருந்தது. எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவருக்கு நான் ஒரு மணி நேரம் கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் அது என்னை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் டோரதி வானைப் பற்றிப் படித்தபோது என்னால் தாங்க முடியவில்லை. கம்ப்யூட்டர் என்பது மனிதர்கள் பார்த்த வேலையின் பெயராக இருந்த காலம். அமெரிக்காவின் லாங்லி ஆய்வகத்தில் கையால் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்கள் பிரிவுக்கு 1949 முதல் அவர் தலைவி. மின்னணுக் கணினி வந்ததும் ஃபோர்ட்ரான் என்ற கணினி நிரல் மொழியைத் தானே கற்றுக்கொண்டார். கற்றதைத் தன்னோடு இருந்த பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். வருவதை முன்கூட்டியே பார்த்தவர், அதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

நீ கம்பெனியின் முதலாளி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மேலே இருப்பவர்கள் உன் பேச்சைக் கேட்கிறார்கள் என்று நீயேதான் சொன்னாய். ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார். வருகிற பிள்ளை முதலில் தானே எழுதட்டும், அப்புறம் ஏஐ எழுதியதைப் பக்கத்தில் வைத்து எங்கே, ஏன் வித்தியாசப்படுகிறது என்று உன்னிடம் சொல்லட்டும். ஏஐ எழுதியதைப் பிரித்துப் போடச் சொல். அதில் ஒளிந்திருக்கிற பிழையைக் கண்டுபிடிக்கச் சொல். தப்பு செய்தால் திட்டாதே, அந்தப் பெரியவர் மாதிரி அறையைக் கவிழ்த்துக் கொடு. முதல் ஆறு மாதம் அந்தப் பிள்ளையால் லாபம் இருக்காது. என்னாலும் இருந்திருக்காது.

அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், வாரத்துக்கு ஒரு மணி நேரம் உன் சொந்த நேரத்திலிருந்து அந்தப் பெண்ணுக்குக் கொடு. அவள் எழுதியதைப் பார்த்துச் சொல். வேலை இல்லை என்றால் இல்லை என்றே சொல்லிவிடு, பதிலே போடாமல் மட்டும் இருக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி கண் விழிக்காதே. அடுத்த ஞாயிறு பேசும்போது, அந்தப் பெண்ணுக்கு என்ன எழுதினாய் என்று சொல்.

அன்புடன்,
அம்மா