கடைசி வரிசையில உக்காந்த அப்பா எழுதறது

கண்ணு,

உன் வயலின் கச்சேரி எப்படிப்பா இருந்துச்சுன்னு போன்ல கேட்ட, நல்லா இருந்துச்சும்மான்னு சொல்லிட்டு வச்சுட்டேன், பக்கத்துல உங்கம்மா இருந்தா, அதான். மிச்சத்த இதுல எழுதறேன்.

நடுவுல எனக்கு சீட் போட்டு வச்சிருந்த, நான் அங்க உக்காரல. வேணும்னேதான். முப்பது வருஷம் கச்சேரி சவுண்ட கூட்டிக் குறைக்கற மிக்ஸர் முன்னாடி நின்னவனுக்கு நடுவுல எல்லாமே நல்லாத்தான் கேக்கும்னு தெரியாதா. இடது பக்கம் கடைசி வரிசை, தலைக்கு மேலயே பின் ஸ்பீக்கர், அங்க போய் உக்காந்தேன். அங்க உன் வாசிப்பே காதுல விழலம்மா. ஆரம்பத்துல வில்லால தந்திய தட்டித் தட்டி ஒரு தாளத்த கால் பெடல்ல பதிஞ்சு திரும்பத் திரும்ப ஓடற மாதிரி லூப் பண்ணியே, அத பின் ஸ்பீக்கருக்கும் அனுப்பிட்ட போல, அதான் காதுல விழுந்துட்டே இருந்துச்சு. சத்தம் செகண்டுக்கு 340 மீட்டர் சொச்சம்தான் ஓடும், மேடைக்கும் எனக்கும் ஒரு 20 மீட்டர்னா முன் ஸ்பீக்கர் சத்தம் வந்து சேர 60 மில்லிசெகண்ட் கிட்ட ஆகுது, அதுக்குள்ள பின் ஸ்பீக்கர் அடிச்சு முடிச்சிடுது. ஒவ்வொரு தட்டும் ரெண்டு தட்டா விழுந்துச்சு. பக்கத்து சீட்டுக்காரர் உனக்கு தாளம் நிக்கலன்னே நினைச்சிருப்பார், பாவம்.

தாளமும் பேஸும், அதான் அடிக்குரல் சத்தமும், முன் ஸ்பீக்கர்லயே இருக்கட்டும். நீளமா இழுத்து வாசிக்கற சுரங்கள மட்டும் பின்னாடி அனுப்பு, அது கொஞ்சம் லேட்டா வந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது. கச்சேரிக்கு முன்னாடி பண்ற சவுண்ட் செக்ல ஒரு லூப்ப ஓட விட்டுட்டு வயலின கீழ வச்சுட்டு நீயே நடந்து போய் நாலு மூலையிலயும் உக்காந்து கேளு. எங்க காலத்துல வாசிக்கறவங்களுக்கு இந்த குடுப்பின கிடையாது, தான் வாசிக்கறது கடைசி சீட்ல எப்படி கேக்குதுன்னு தெரியாமலே போய்ட்டாங்க.

அப்புறம் மூணாவது பாட்டு. நாலு பார், அதாவது பதினாறு தட்டு நீள லூப்ப மூட பெடல மிதிக்கறப்ப உன் கால் ஒரு அரைத் தட்டு லேட். நிமிஷத்துக்கு 120 தட்டு டெம்போன்னா எட்டு செகண்டுக்கு ஒரு தடவ நொண்டும், நொண்டுச்சு. கடைசியா பதிஞ்சத அழிக்க அன்டூ பண்ணா மேல ஏத்துன லேயர்தான் போகும், அடியில இருக்கற லூப்போட நீளம் அப்படியேதான இருக்கும். நீ அது மேல இன்னும் இன்னும் ஏத்தி மறைக்கப் பாத்த, எனக்கு வயிறு கலங்கிடுச்சு. நல்லவேள, பட்டுனு எல்லாத்தையும் நிறுத்திட்ட. அடி தந்தியில தனியா ஒரே ஒரு சுரம் இழுத்த பாரு, வில் திரும்பறப்ப பிசின் கரகரன்னு உரசறது கூட எனக்கு கேட்டுச்சு, நான் உக்காந்த மூலைக்கு அப்பத்தான் நீ வந்து சேந்த. செருப்ப கழட்டிட்டு வெறுங்காலால பெடல தேடினியாமே, அம்மா முன்னாடி இருந்து பாத்துட்டு வந்து சொன்னா.

அடுத்த தடவ எனக்கு வலது மூலையில சீட் போடு. நடுவுல உங்கம்மா உக்காரட்டும்.

அப்பா