ஸ்பேசர் இல்லாமல் ஓடிய சக்கரம்

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன், திட்டாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே கோவென்ட்ரியில் எல்லோரும் நலம்.

விஷயம் என் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எம்.ஜி.பி. பற்றி. 1972 வண்டி, ‘அம்பாசிடர் எஞ்சினுக்குப் பங்காளி, 1489 சிசிக்கு 1798 சிசி அண்ணன்’ என்பாயே, அதேதான்.

போன ஞாயிறு இடது முன்சக்கரத்தில் ஒரு உறுமல். ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் டொக் டொக். சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னோ என்று பயந்தேன். உன் தங்கச்சியை பிரேக் மிதிக்கச் சொன்னேன், ஆட்டம் நின்றுவிட்டது. பிரேக் சக்கரத்தைப் பிடித்ததும் நின்றதென்றால் கிங் பின் இல்லை, பேரிங்தான்.

சக்கரத்தின் நடுக் குடமான ஹப்பைக் கழற்றினால், இரண்டு பேரிங்குக்கும் நடுவே இருக்கவேண்டிய ஸ்பேசர் குழாயே இல்லை! இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு வளையமான ஷிம்மும் இல்லை. நட்டை இறுக்கிக் கொஞ்சம் தளர்த்திவிடுவது பல வண்டிகளுக்குச் சரி. முன்னால் கழற்றியவர் யாரோ அதையே இதிலும் செய்திருக்கிறார். இதில் நட்டை 40 முதல் 70 பவுண்டு-அடி வரை முறுக்கவேண்டும். அந்த இறுக்கத்தில்தான் ஸ்பேசரும் பேரிங்கும், சக்கரத்தைத் தாங்கும் குட்டைத் தண்டான ஸ்டப் ஆக்சிலோடு ஒரே தண்டாக நின்று வளைவில் பாரம் தாங்கும். ஸ்பேசர் இல்லையென்றால் அத்தனையும் அந்த ஒல்லித் தண்டின் தலையில். போன மாதம்தான் சின்னவளைப் பக்கத்தில் உட்காரவைத்து வேல்ஸ் மலைப்பாதையில் போய் வந்தேன். ராத்திரி தூக்கமே வரவில்லை, மாப்ளே. 40 வருடம் தாண்டிய வண்டிக்கு இங்கே வருடாந்திரச் சோதனைகூடக் கட்டாயமில்லை. நாம் பார்த்தால்தான் உண்டு.

பேரிங், ஸ்பேசர், ஷிம் எல்லாம் புதிதாக வாங்கினேன். முதலில் ஷிம்மைத் தாராளமாகப் போட்டு, நட்டை முறுக்கி, ஆட்டத்தை முள் காட்டி அளக்கும் டயல் கேஜ் வைத்தேன். அங்குலத்தில் ஆயிரத்தில் 13 பங்கு ஆட்டம். 2 முதல் 4 வரைதான் இருக்கலாம். 10 பங்கு கனமுள்ள ஷிம் ஒன்றை உருவினேன். மீன் செதில் மாதிரி எண்ணெயோடு விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபடி முறுக்கினால் முள் சரியாக 3! நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராகும்வரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பின்னை மடக்கினேன். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

வலது பக்கம் சனிக்கிழமை. அதிலும் ஸ்பேசர் இருக்காது என்றுதான் தோன்றுகிறது. அதுவரை வண்டி ஜாக்கி ஸ்டாண்டில்தான்.

அப்புறம், நீ வாங்கிய பழைய வண்டியின் ஹப்பைக் கடைசியாகத் திறந்தது யார்? மேஸ்திரியிடம் கேட்டு உடனே எழுது. பேசிக்கொண்டே மறந்துவிடாதே.

உன்,
மாப்ளே