ஆடி மழையும் அம்மாவின் மெத்தையும்

குலசேகரம்,
ஆடி 9

அன்புள்ள மணி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. பல்வலிக்கு மாத்திரை போட்டு உதடு வீங்கிய கதையைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் பால் வெட்டு நின்றுவிட்டது. என் தும்மல்தான் நிற்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கினால் இருபதுக்குக் குறையாது. இவள் படுத்தபடியே எண்ணுவாள். மூன்று வருடமாக ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையைத் திட்டினேன். பிறகு அயனிச் சக்கை என்கிற காட்டுப் பலாவை. பிறகு பக்கத்து வீட்டுக் கோழிகளை. அவர்களிடம் சண்டைக்கே போனேன். இப்போது அந்த வேலிப்பக்கம் தலைகாட்ட வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு டாக்டர், எது ஒவ்வாமல் தும்முகிறேன் என்று அறிய, தோலில் குத்திப் பார்த்தார். ஒரு வாரம் முன்பே, தும்மலுக்குப் போடும் செட்ரிசின் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அது உடம்பில் இருந்தால் தோல் வாய் திறக்காதாம். முன்கையில் பேனாவால் எண் போட்டு, சந்தேகப்பட்ட ஒவ்வொன்றின் சாற்றையும் ஒவ்வொரு சொட்டு வைத்து, ஊசி நுனியால் லேசாக ஒவ்வொரு குத்து. கால் மணி நேரம் சொறியாமல் இருப்பதுதான் பெரிய தவம். கோழி இறகுக்கான இடம் அப்படியே கிடந்தது. ஏழாம் எண் மட்டும் கொசு கடித்ததுபோல் தடித்து எழுந்தது. தூசு உண்ணி!

மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்குமாம். நம் மேலிருந்து உதிரும் தோல் செதில் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊர் அதற்கு மாமியார் வீடு. கடிக்காது, அதன் எச்சம் மூக்கில் ஏறித்தான் இத்தனை பாடு.

குடியிருப்பு எங்கே தெரியுமா? அம்மா என் கல்யாணத்துக்குத் தைத்துத் தந்த இலவம்பஞ்சு மெத்தை. நம் பழைய விளையில் நின்ற மரத்துப் பஞ்சு. அந்தக் காய்களை நீயும் நானும்தான் பொறுக்கினோம். இப்போது பாயில் படுக்கிறேன். விரிப்புகளை வாரம் ஒருமுறை கொதிநீரில் முக்குகிறாள். தும்மல் ஐந்தாறில் நிற்கிறது.

இறாலிலும் இந்த உண்ணியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான புரதம் ஒன்று உண்டாம். சிலருக்கு இரண்டுமே ஒத்துக்கொள்ளாது. குளச்சல் இறாலை நினைத்து நடுங்கிக்கொண்டே கேட்டேன். "இதுவரை ஒன்றும் செய்யவில்லை என்றால் சாப்பிடுங்கள்" என்றார். நல்ல மனிதர்.

இனி உன் விஷயம். 'ஏதோ வெள்ளை மாத்திரை' என்று எழுதியிருக்கிறாயே, உலகத்தில் பாதி மாத்திரை வெள்ளைதான். பல்லுக்குப் பெரும்பாலும் பென்சிலின் இனத்து அமாக்சிசிலினும், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரையும் தருவார்கள். இரண்டுமே உதட்டை வீங்க வைக்கக்கூடியவை. அந்த அட்டைகளைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டு. எது என்று அவர் சொல்லும் வரை இரண்டையும் தொடாதே. சொன்னபின் பெயரை எழுதிப் பர்சில் வைத்துக்கொள். மறுபடி வீங்கி, மூச்சு முட்டினாலோ தொண்டை அடைத்தாலோ, செட்ரிசினைப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதே. அதற்கு அட்ரினலின் ஊசி வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஓடு. மயினியிடமும் இதைச் சொல்லி வை.

மெத்தையை எரித்துவிடலாம் என்கிறாள் இவள். எனக்குக் கை வரவில்லை. காலையில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததால் திண்ணையில் போட்டிருக்கிறேன். மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வருகிறது. போய் எடுக்க வேண்டும்.

உன்,
செல்வம்